லேப்டாப் எழுந்திருக்கும் வரை

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா கடிதம் எழுதினால் முதல் நாலு வரி ஆண்டவருக்குப் போகும், அடுத்த நாலு வரி உன் உடம்புக்குப் போகும், விஷயம் மூன்றாம் பக்கத்தில்தான் தலைகாட்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உன்னையும் ஷீபாவையும் பாப்பாவையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரை தவறுவதில்லை. இவ்வளவும் உண்மை. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "புது லேப்டாப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்பா, அடுத்து லீவுல வர்ற ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன்" என்றாய். நான் "உம்" என்றேன். அந்த "உம்"மை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன். வாங்காதே. ஏற்கனவே வாங்கிவிட்டால் நீயே வைத்துக்கொள். காரணத்தைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன், வாய் வரவில்லை. உன்னோடு வேலை செய்யும் ரஃபீக், தங்கை கல்யாணத்தை முடித்துக்கொண்டு இந்த வாரம் அங்கே திரும்புகிறான். நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுத் தோல் டேனரியிலிருந்து லீவில் வந்தாலும் அவன் பெட்டியில் பாதிக்கு மேல் ஊராருடைய சாமான்தான் இருக்கும். அந்தப் பாதியில் உனக்கு மாங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் வருகின்றன. முதலில் ஊறுகாயைத் திறக்காமல் இதைப் படித்துவிடு.

நீ காலேஜில் வாங்கி, வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போன லேப்டாப் இப்போது என்னைவிடக் கிழடு. மூடியைப் பிடித்துக்கொள்ளும் கீல் உடைந்து, ஷூ ஒட்டும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பேட்டரி போய்விட்டது, கரண்ட் இருந்தால்தான் உயிர். பட்டனை அழுத்திவிட்டுப் போய் அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி, காபி கலந்து, ஆற்றிக் குடித்துவிட்டு வரும்போதுதான் திரையில் அந்தப் பச்சைப் புல்வெளி வரும். அந்தக் காலதாமதத்தைப் பற்றி நான் உன்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் முடியும்போது அதைப் பற்றி வேறு மாதிரி சொல்வேன்.

உனக்கும் எனக்கும் பேச்சு வராது என்பது நம் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். உன் அம்மா இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நீ அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, டூருக்குப் போகட்டுமான்னு அப்பாவ கேளு" என்பாய். நான் அவளிடம், "போய்ட்டு வர சொல்லு, ஆத்துல இறங்க வேணாம்னு சொல்லு" என்பேன். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு நின்றபடியே அவள் நம் இருவருக்கும் தபால் பட்டுவாடா செய்வாள். ஒரு நாள் அலுத்துப்போய், "நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோன் கம்பமா?" என்று கத்தினாள். நாம் இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அப்படியேதான் இருந்தோம். அவள் போன பிறகுதான் கம்பம் சாய்ந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

கையில் ஒரு வேலை இருந்தால் மட்டும் நமக்குள் பேச்சு ஓடும். சைக்கிள் செயின் கழன்றால் பேசினோம். டேபிள் ஃபேன் கழுத்தைத் திருப்ப மறுத்த கோடையில் ஒரு முழு மத்தியானம் பேசினோம். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப மும்பை வண்டி ஏற்றிவிட வந்த அன்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வண்டி லேட். இனி எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறோமோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நானோ உன் சூட்கேஸ் பூட்டைப் பிடித்துக்கொண்டேன். "இந்தப் பூட்டு சரியில்ல, பாதி வழியில தொறந்துக்கும்" என்று சொல்லி அழுத்தினேன், திறந்தேன், மறுபடி அழுத்தினேன். டீக்கடையில் கயிறு கேட்டு வாங்கிக் குறுக்கும் நெடுக்கும் கட்டினேன். நீயும் பக்கத்தில் குந்தி முடிச்சில் விரலை வைத்துக்கொடுத்தாய். வண்டி வந்தது, ஏறினாய், போனாய். அந்தப் பூட்டுக்கு ஒரு கேடும் இல்லை மகனே. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன்கள். சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும். "சாப்டீங்களாப்பா?" "இனிமேதான். நீ?" "ஆச்சு. மாத்திரை?" "போட்டுட்டேன். அங்க குளிரா?" "குளிருதான். சரிப்பா, வெச்சிடட்டுமா?" "வெச்சிடு." சட்டைப் பொத்தானைக் கழற்றி முடிப்பதற்குள் அந்த வாரத்துக்கான என் மகன் முடிந்துபோவான். உன்மேல் குறை சொல்லவில்லை. நானும் அதே கேள்விகளைத்தானே திருப்பிக் கேட்டேன்? ஆனால் போனை வைத்த பிறகு இந்த வீடு இருக்கும் இருப்பை உனக்கு எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டில் பிரியாணி வாசனையோடு விருந்தாட்கள் பேசிக்கொள்வது சுவரைத் தாண்டி வரும். நான் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கேட்கலாம் என்று யோசிப்பேன். திங்கட்கிழமை ஏதாவது தோன்றும். ஞாயிறு வருவதற்குள் மறந்துவிடும்.

இந்த நிலையில்தான் ரஃபீக் லீவில் வந்து, நீ கொடுத்தனுப்பிய காபிக்கொட்டையையும் பொட்டலத்தையும் கொண்டுவந்து வைத்தான். அந்த ஊர் நியூஸ் பேப்பரில் சுற்றி, உள்ளே ஒரு சிடி. "அங்கிள், பாப்பா நடக்கறதெல்லாம் இதுல இருக்குது, பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கல்யாண அவசரத்தில் ஓடிவிட்டான். திருப்பத்தூரில் ஷீபாவின் அம்மா வீட்டில், துணிக்குள் சுருட்டி என் கையில் கொடுத்த குழந்தை. கழுத்து நிற்பதற்குள் அவளை நீ கூட்டிக்கொண்டு போய்விட்டாய். இப்போது நடக்கிறாளாம். நான் குளிக்கக்கூட இல்லை, லேப்டாப்பைத் திறந்து சிடியைப் போட்டேன். உள்ளே அது விர்ரென்று சுற்றியது, டக் டக் என்று இரண்டு தடவை இடித்துக்கொண்டது, அடங்கிவிட்டது. டிரைவில் சிடி போடு என்று திரையில் எழுத்து வந்தது. போட்டுத்தானே தொலைத்திருக்கிறேன் என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன். எடுத்துப் போட்டேன், திருப்பிப் போட்டேன், தட்டிப் போட்டேன். அதே டக் டக்.

அந்த ஞாயிறு நீ வழக்கம்போல் மாத்திரையை விசாரித்து முடித்ததும், "சிடி ஓடலடா" என்றேன். உன் குரலே மாறிவிட்டது. "அது பழைய வியாதிப்பா, நான் இருக்கும்போதே தகராறு பண்ணும். லேப்டாப் முன்னாடி உக்காருங்க. மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணுங்க" என்றாய். "பண்ணிட்டேன்." "இப்ப இன்னா தெரியுது?" "ஒண்ணும் தெரியல." "எந்தப் பக்கம் அழுத்தினீங்க?" "சோத்துக்கையாலதான்." "உங்க கை இல்லப்பா, மவுஸோட வலதுபக்கம்!" இப்படி ஒரு பெரிய பட்டியல் வந்து, அதில் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி இருப்பதைக் கண்டுபிடித்தோம். "அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுங்க, தானா திரும்பி வந்துடும்" என்றாய். கொடுத்தேன். திரை கறுத்துப்போனது. நான் போனைக் காதில் வைத்திருந்தேன், நீயும் வைக்கவில்லை. "எந்திரிச்சிடுச்சாப்பா?" "இன்னும் இல்ல." "சரி, பார்ப்போம்."

அந்த இடைவெளியில்தான் நீ பேச ஆரம்பித்தாய். கேட்காமலே பேசினாய். அங்கே தண்ணீர் ஐஸாக இருப்பதால் தோலில் சாயம் ஏறுவதற்குத் தாமதமாகிறது என்றாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாய டிரம் முழுக்கத் தோலை வீணாக்கிவிட்டு, டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுததாகச் சொன்னாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "எப்பப்பா சொல்றது?" என்றாய். அதற்குள் புல்வெளி வந்துவிட்டது. சிடியைப் போட்டோம், டக் டக் என்றது. "சரி, அடுத்த வாரம் வேற வழி பார்ப்போம்" என்றாய். போனை வைத்தபோது சோறு ஆறி, சுவர் தாண்டிய விருந்தாட்கள் எல்லாம் கிளம்பிப்போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியவே இல்லை.

அடுத்த வாரம் சிடியைத் துடைக்கச் சொன்னாய். துடைக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? தோலைத் தரம் பிரித்தே காலம் தள்ளியவன், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தோலை விரித்தால் எங்கே முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவேன். பீரோவில் பத்திரமாக வைத்திருந்த கையுறைத் தோல் துண்டு, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், அதை எடுத்தேன். துளி பாலிஷ் க்ரீமும் வைத்துக்கொண்டேன். பாலிஷ் ஏற்றும்போது கை எப்படிப் போகுமோ அப்படியே, வட்ட வட்டமாக, சிடி முகம் பார்க்கும் கண்ணாடியாகும் வரை தேய்த்தேன். போனில் பெருமையாகச் சொன்னேன். நீ அலறினாய். "வட்டமா தேய்ச்சீங்களா? ஐயோ, சிடிய வட்டமா துடைக்கவே கூடாதுப்பா! நடுவுலேருந்து வெளிய, நேரா! க்ரீம் வேறயா?" அப்புறம் உனக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஷீபாவைக் கூப்பிட்டு, "எங்கப்பா சிடிக்கு பாலிஷ் போட்டுட்டாரு" என்று சொன்னது எனக்கும் கேட்டது. ஆம்பூர்க்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் அது தோலாகத்தான் தெரியும், நான் என்ன செய்வது? அன்றைக்கும் ரீஸ்டார்ட் கொடுத்தோம். அந்த நேரத்தில், உன் அம்மா வைக்கும் பூசணிக்காய் சாம்பார் எனக்குப் பிடிக்காது என்றும், கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்லாமலே சாப்பிட்டு வந்தேன் என்றும் சொன்னேன். பிறகு, "எனக்கும் பிடிக்காதுப்பா" என்றாய். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை வருஷம் அந்த சாம்பாரை விழுங்கியிருக்கிறோம்.

ஓட்டையில் ஊசி விட்டு சிடி தட்டைத் திறக்கும் வித்தை, டிரைவுக்குள் பிரஷ் வைத்த சிடியை ஓடவிடும் வித்தை எல்லாம் ஒவ்வொரு ஞாயிறாகப் பார்த்தோம். ஒன்றும் சரிப்படவில்லை. "பேஜார் வேணாம்பா, பிரவுசிங் சென்டர்ல குடுத்துப் பாருங்களேன்" என்றாய். நாலு பையன்கள் நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து என் பேத்தியைப் பார்க்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டேன். அப்போது அது நிஜமான வீம்பு. அதுவரை நான் உன்னிடம் சொன்னதெல்லாம் நிஜம்.

பிறகு ஒரு புதன்கிழமை. உன் அம்மாவின் பாட்டு கேசட்டுகள் இருந்த பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டர் குரல் கம்மினால் அவள் என்ன செய்வாள்? ஆஸ்பத்திரி வழக்கப்படி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஊசி போடும் இடத்தைத் துடைப்பதுபோல் அதன் உள்ளே இருக்கும் தலையை மெதுவாகத் துடைப்பாள். பாட்டு தெளிந்துவிடும். எனக்குச் சட்டென்று தோன்றியது. நாம் சிடியைத் துடைத்தோம், டிரைவை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் கொடுத்தோம், பிரஷ் சிடி ஓட்டினோம், ஆனால் டிரைவுக்குள் சிடியைப் படிக்கும் அந்தக் கண்ணைக் கையால் துடைக்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் ஸ்பிரிட்டும், காது குடையும் பஞ்சுக்குச்சியும் வாங்கி வந்தேன். தட்டை வெளியே இழுத்தால் மிளகு அளவில் ஒரு கண்ணாடிக் கண், மேலே மங்கலாகப் படலம். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். சிடியில் நான் ஏற்றிவைத்த பாலிஷையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நீ சொன்ன மாதிரி நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைத்தேன். போட்டேன். விர்ரென்று சுற்றியது. டக் டக் வரவில்லை.

பாப்பா வந்தாள். நீலக் கம்பளிச் சட்டை, தலையில் குல்லாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு சுவரை விட்டுவிட்டாள். ஷீபா ஒரு மூலையில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். நீ தெரியவில்லை, உன் குரல் மட்டும், "வா, வா, அப்பாகிட்ட வா." நான் முதலில் பார்த்தது என்ன என்று சொன்னால் சிரிப்பாய். அவள் ஷூவைத்தான் பார்த்தேன். ஆட்டுத்தோல், தோலின் மேல்வரி நல்ல மெல்லிய கிரெய்ன், நீயே வெட்டித் தைத்தது போலத் தையல் கொஞ்சம் கோணல். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். பாதி தூரம் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள், உதடு பிதுங்கியது. "எந்திரி, எந்திரி" என்றாய். எழுந்தாள். கடைசியில் திரையின் ஓரத்திலிருந்து உன் கை நீண்டு அவளைப் பிடித்தது. நகக்கண்ணில் தோல் பதனிடும் குரோம் நீலம் இன்னும் போகவில்லை. எலும்பு புடைத்த அந்த மணிக்கட்டு என்னுடையது. நான் அழுதேன், மகனே. கதவு திறந்திருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, அப்படியும் அழுதேன்.

ஞாயிறு வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாயில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. போன் அடித்தது. "இன்னாப்பா, டிரைவ் இன்னா சொல்லுது?" என்று ஆசையாகக் கேட்டாய். மாத்திரையைக்கூட நீ விசாரிக்கவில்லை, நேராக டிரைவுக்கு வந்தாய். ஓடுகிறது என்று சொன்னால், "அப்பாடா, பார்த்தீங்களா? சரிப்பா, வெச்சிடட்டுமா?" என்பாய் என்று எனக்குத் தோன்றியது. அந்த மௌனமான மத்தியானம் கண்முன் வந்து நின்றது. "அதே டக் டக்தான்" என்றேன். அவ்வளவுதான். நீ, "சரி, உக்காருங்க, இன்னிக்கு வேற ஒண்ணு பார்ப்போம்" என்றாய். நான் உட்கார்ந்தேன்.

அப்படியே தொடர்ந்தது. எனக்குத் தெரிந்த வியாதியெல்லாம் தீர்ந்துபோனபோது வேலூருக்குப் பஸ் ஏறி, ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் போய், "தம்பி, சிடி டிரைவில் இன்னும் என்னென்ன கெட்டுப்போகும்?" என்று விசாரித்தேன். அந்த ஆள் என் லேப்டாப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே சார் ஓடுது, எதுக்குக் கெடுக்கணும்?" என்றான். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மோட்டார் தேய்வது, லேசர் மங்குவது என்று ஜாஸ்தியாகவே தெரிந்துகொண்டு வந்தேன். அந்த ஞாயிறு அதை உன்னிடம் எடுத்துவிட்டபோது, "அப்பா, நீங்க இன்ஜினியர் ஆய்ட்டீங்க" என்று பாராட்டினாய். நீ ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லும்போதெல்லாம் நிஜமாகவே கொடுத்தேன். அதில் நான் ஏமாற்றவில்லை. அது எழுந்திருக்கும் வரையில் நீ பேசினாய், நான் பேசினேன். இந்தச் சில வாரங்களில் உன்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, நீ பிறந்ததிலிருந்து தெரிந்துகொண்டதைவிட அதிகம்.

போன ஞாயிறு ஷீபா உன்னிடமிருந்து போனை வாங்கினாள். "மாமா, பாப்பா இப்ப ஓடவே ஆரம்பிச்சிட்டா. நீங்க அவ நடந்ததையே இன்னும் பார்க்கலையே மாமா" என்றாள். அந்தப் பெண் எனக்காக அழுகிறாள். நானோ அன்று காலையில்கூட, சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்பு, பாப்பா சுவரை விடும் இடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அதற்கு மேல்தான் நீ போனை வாங்கிப் புது லேப்டாப் என்றாய். என் தனிமைக்காக நீங்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஷீபாவிடம் இந்த இடத்தை நீயே படித்துக் காட்டு. மாமாவை மன்னித்துவிடச் சொல்.

கடைசியாக ஒன்று. நேற்றுச் சாயந்திரம், இந்தக் கடிதம் பாதியில் இருக்கும்போது, ரஃபீக் ஊறுகாயை வாங்கிப் போக வந்தான். நான் திரையை மூட மறந்துவிட்டேன். பாப்பா நடந்துகொண்டிருந்தாள். "அங்கிள், இது ஓடுதே! அவன் ஓடலன்னு அங்க பொலம்பிக்கினு இருக்கான்!" என்றான். குட்டு உடைந்துவிட்டது. இருக்கட்டும், அவனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு சொல்லட்டா அங்கிள்? நான் கெளம்பும்போது எங்கிட்ட பென் டிரைவ் சும்மாதான் இருந்துச்சு. இதுல போட்டுக் குடுடா, சொருகினா படம் வந்துடும்னு நீட்டினேன். வேணாம், சிடியே இருக்கட்டும்னுட்டான்." அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் போன பிறகு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த டிரைவ் தகராறு பண்ணும் என்று உனக்கு முன்பே தெரியும், நீயே சொன்னாய். தெரிந்தும் ஏன் சிடியில் கொடுத்தனுப்பினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கையில் கிடைத்ததில் போட்டிருப்பாய், அவ்வளவுதான் இருக்கும். ஆனால் நான் எனக்கு வேண்டிய மாதிரி நினைத்துக்கொள்கிறேன். தனியாக இருப்பவனுக்கு அந்த உரிமை உண்டு.

அப்பன் என்ற முறையில் உனக்குச் சொல்ல ஒரு புத்திதான் இருக்கிறது. பாப்பாவுக்கு நீ ஷூ தைத்துக் கொடுப்பது நல்லதுதான். அவள் பொம்மை உடைந்தால் ஒட்டிக் கொடு. ஆனால் ஒன்றும் உடையாத நாளிலும் அவள் பக்கத்தில் போய் உட்கார். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் உட்கார். விழுந்தால் "எந்திரி" என்று சொல்வதோடு நிறுத்தாதே. நான் உன்னிடம் அதோடு நிறுத்திவிட்டேன். நீ எழுந்துவிட்டாய், நடந்து ரொம்ப தூரம் போய்விட்டாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் டிரம்முக்குப் பின்னால் அழுததை என்னிடம் சொல்வதற்கு உனக்கு ஒரு ரிப்பேர் தேவைப்பட்டது.

ஆகவே, டிரைவ் நன்றாக ஓடுகிறது. மஞ்சள் ஆச்சரியக்குறி போய்விட்டது. இந்த வீட்டில் இப்போது கெட்டுப்போன சாமான் எதுவும் இல்லை, நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்படியும் கூப்பிடு. முதலில் மாத்திரையை விசாரிப்பாய், நான் குளிரை விசாரிப்பேன், அதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை வராது. அப்போது "வெச்சிடட்டுமா" என்று கேட்காதே. இந்தக் கிழட்டு லேப்டாப் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பொறுமையாக இரு. நான் பேசிவிடுவேன்.

உன்
அப்பா